ஒன்பதாம் பக்கத்து டிரைவர்

போன புதன்கிழமை என்னை நிற்க வைத்து விசாரித்தார்கள்.

போலீஸ் இல்லை... பயப்படாதீர்கள். பூதலூருக்குப் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி, நான்காம் வகுப்பு. விசாரித்தவர்கள் எல்லோருக்கும் ஒன்பது வயது. கேஸ், நான் எழுதிய கதை.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு அந்தக் கதையைப் பற்றித் தெரிந்திருக்கும். தெரியாமல் எப்படி இருக்கும்? மூன்று வாரம் தொடர்ந்து அதைப் பற்றியே எழுதி உங்கள் கழுத்தை அறுத்திருக்கிறேனே! சிறுவர்களுக்கு நான் எழுதிய முதல் கதை. பதினாறு பக்கம், கலர் படங்களோடு. அச்சடித்து, நம் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் நானே அனுப்பியும் வைத்தேன்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பா விளைந்து நிற்கும் வயலில் ஒரு கானாங்கோழி கூடு கட்டி நான்கு முட்டை இடுகிறது. ஊரே தூங்கும் விடியற்காலையில் அறுவடை மெஷினை ஓட்டிக்கொண்டு ஒரு டிரைவர் வருகிறான். முறுக்கு மீசை, சிவந்த கண், ஹஹ்ஹஹ்ஹா என்று ஒரு சிரிப்பு. ஒன்பதாம் பக்கத்தில் கூட்டின் மேல் மெஷின் ஏறுகிறது. பத்தாம் பக்கத்தில் தாய்ப்பறவை வரப்பில் நின்று அழுகிறது. மீதிப் பக்கங்களில் எல்லோரும் அழுகிறார்கள்.

படித்த பெரியவர்கள் ‘கண் கலங்கிடுச்சு’ என்றார்கள். என் கணவர் மட்டும், “சின்னப் பசங்களுக்கு எதுக்கு இவ்ளோ சோகம்?” என்று கேட்டார். அவருக்கு இலக்கியம் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அந்த போன் வந்தது. பேசியவர் ஜெசிந்தா டீச்சர், பூதலூர் பக்கத்துப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுப்பவர்.

“மேடம், எங்க பசங்க உங்க கதையப் படிச்சுட்டாங்க. உங்ககிட்ட பேசணும்ங்கறாங்க. ஒருநாள் வர முடியுங்களா?”

வர முடியுமாவா? போனை வைப்பதற்குள் எந்தச் சேலை கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். பச்சைப் பட்டு வேண்டாம், ஸ்கூலுக்கு அதிகம். மாம்பழக் கலர் காட்டன் போதும்.

தஞ்சாவூரில் பாசஞ்சர் ரயில் ஏறி பூதலூரில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டியோடு டீச்சர் நின்றார். தை மாதக் கடைசி. ரோட்டின் இரண்டு பக்கமும் அறுவடை பாதி முடிந்திருந்தது. அறுத்த வயல்களில் வைக்கோல் உருளைகள், அறுக்காத வயல்களில் தலை சாய்ந்த கதிர். மணி ஒன்பதரை. ஒரு வயலோரம் மெஷின் சும்மா நின்றுகொண்டிருந்தது. வேலை நேரத்தில் டிரைவர் எங்கே போய்விட்டான், சரியான சோம்பேறி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பள்ளி கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே டீச்சர் வண்டியை நிறுத்தினார்.

“மேடம், உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

இப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிந்து நான் பார்த்ததில்லை.

“கிளாஸ்ல கனிஷ்கான்னு ஒரு பொண்ணு. அவங்கப்பா அறுப்பு மெஷின் டிரைவரு. ஆத்தூர் பக்கத்துலேர்ந்து சீசனுக்கு வந்தவரு, இங்கயே பொண்ணு கட்டிக்கிட்டுத் தங்கிட்டாரு. உங்க கதையப் படிச்சதுலேர்ந்து அந்தப் புள்ள பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குதுங்க.”

“ஏன் டீச்சர்?”

“ஹரிஷ்னு ஒரு பய, ‘உங்கப்பாதானே முட்டைய நசுக்குனாரு’ன்னு கேட்டுட்டான். அது அப்படியே ஒட்டிக்கிச்சு. மதியம் சத்துணவுல முட்டை போடுறாங்கல்ல... ‘உனக்கு எதுக்கு முட்டை, நசுக்கவா?’ங்குதுங்க. ரெண்டு வாரமா அந்தப் புள்ள முட்டையே வாங்கறதில்ல. வாசிப்பு வகுப்புல வாயே தொறக்கறதில்ல.”

“அது வெறும் கதைன்னு நீங்க சொல்லலையா?”

“சொல்லாம இருப்பனா? ‘புக்லயே போட்டிருக்கே டீச்சர்’ங்குதுங்க. நான் என்னத்தச் சொல்ல? புக்ல போட்டவங்களே வந்து சொன்னாத்தான் உண்டு. அதான் உங்களக் கூப்பிட்டேன்.”

பாராட்டு விழாவுக்குக் கிளம்பி வந்தவள், பஞ்சாயத்துக்குள் நுழைந்தேன்.

ஜெசிந்தா டீச்சரின் வாசிப்பு வகுப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு புத்தகம். படிக்கும்போது மனசு எந்தப் பக்கத்தில் நிற்கிறதோ, அந்தப் பக்கத்தில் ஒரு வைக்கோலை வைக்க வேண்டும். (“அடையாளத்துக்கு அட்டை வாங்க எங்க போறது மேடம்? வைக்கோல்தான் ஊரெல்லாம் கெடக்கே!”) வட்டமாக உட்கார்ந்து, வைக்கோல் வைத்த பக்கத்தைத் திறந்து, மனசு நின்ற வரியைச் சத்தமாக வாசித்து, பிறகு தோன்றியதைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் சொன்னதைத் ‘தப்பு’ என்று சொல்லக் கூடாது. ‘எனக்கு அப்படித் தோணல’ என்று சொல்லலாம். அப்புறம் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் யாராவது ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சொன்னதையும் வகுப்பில் வந்து சொல்ல வேண்டும்.

எவ்வளவு அழகான ஏற்பாடு! அதில் மாட்டிக்கொள்ளாதவரைக்கும்.

பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வட்டத்தில் ஓர் இடத்தில் மட்டும் இடைவெளி. இரண்டு பக்கமும் ஒரு முழம் விட்டு, நடுவில் ஒரு பெண். இறுக்கிப் பின்னிய ரெட்டை ஜடை, மடியில் மூடிய புத்தகம். எல்லோர் புத்தகத்திலும் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் புத்தகத்தில் ஒன்றுகூட இல்லை. யார் என்று டீச்சர் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

முதலில் பிரதீஷா என்ற குட்டி எழுந்தாள். மூன்றாம் பக்கத்தைத் திறந்து, “வயல் நடுவே, தண்ணீரில் தன் நிழலைப் பார்த்தபடி கானாங்கோழி கூடு கட்டியது” என்று வாசித்தாள். எனக்குப் பிடித்த வரி. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அறுப்பு வயல்ல ஏது மிஸ் தண்ணி?”

“ம்?”

“அறுப்புக்கு முன்னாடியே தண்ணிய வடிச்சுடுவாங்களே. வயல் காஞ்சாத்தானே மெஷின் எறங்கும்? அப்புறம் மிஸ், கானாங்கோழி வாய்க்கா ஓரத்துக் கோரைக்குள்ளதான் இருக்கும். எங்க வீட்டுப் பின்னாடியே ரெண்டு இருக்கு.”

“அது வந்து... கற்பனைம்மா.”

பிரதீஷா யோசித்தாள். “எனக்கு அப்படித் தோணல மிஸ்.”

விதிப்படி பேசுகிறாள்.

அடுத்து ஹரிஷ். ஒன்பதாம் பக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டு நாடகத்தில் நடிப்பவன் மாதிரி வாசித்தான். “விடியற்காலை, பனி சொட்டும் கதிர்களுக்கு நடுவே மெஷின் உறுமியது. டிரைவர் ஹஹ்ஹஹ்ஹா என்று சிரித்தான்.” அந்தச் சிரிப்பை நான் எழுதியதைவிட நன்றாகவே சிரித்துக் காட்டினான். “இந்த எடத்துல எனக்கு அழுகையா வந்துச்சு மிஸ். அந்த டிரைவரு ரொம்ப மோசம்.”

“எனக்கும் அந்தப் பக்கந்தான் மிஸ்!” “எனக்கும்!” பாதி வகுப்பு கையைத் தூக்கியது. தூக்கிய கையோடு, தலைகள் அந்த இடைவெளிப் பக்கம் திரும்பின. ரெட்டை ஜடை குனிந்துகொண்டது.

இரண்டு மாதம் முன்பு இதே வார்த்தைகளை யாராவது சொல்லியிருந்தால் அன்று முழுக்கச் சாப்பாடே வேண்டாம் என்றிருப்பேன். எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்... படித்தவன் அழுதிருக்கிறான், கெட்டவனை வெறுத்திருக்கிறான்! என் கதை நினைத்ததைச் சாதித்துவிட்டது. சாதித்த இடம் ஒன்பது வயதுப் பெண்ணின் சாப்பாட்டுத் தட்டு.

பேச வாயைத் திறந்தேன். வழியில் யோசித்து வைத்திருந்த பிரசங்கம் அது. “இங்க பாருங்க கண்ணுங்களா, கதைங்கறது—”

அதற்குள் கனிஷ்கா கையை நீட்டினாள். நீட்டி, எட்டி, பிரதீஷாவின் புத்தகத்திலிருந்து ஒரு வைக்கோலை உருவினாள். தன் புத்தகத்தைத் திறந்து ஒன்பதாம் பக்கத்தில் வைத்தாள். எழுந்து நின்றாள். டீச்சர் என் முழங்கையைத் தொட்டு, பேசாமல் இருக்கச் சொன்னார்.

“விடியற்காலை... பனி சொட்டும் கதிர்களுக்கு நடுவே...” அதற்கு மேல் வாசிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“பனி சொட்டுனா மெஷின் எறங்காது மிஸ்.”

ஹரிஷ் தன் புத்தகத்தைப் புரட்டி அந்த வரியைத் தேடினான்.

“கதிர் ஈரமா இருந்தா உள்ள போயி சுத்திக்கும். நெல்லு பிரியாது. எங்கப்பா கதிர உருவி கையில கசக்கிப் பாப்பாங்க. எல்லாரும் ‘எப்பப்பா எறக்குவ, எப்பப்பா எறக்குவ’ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அப்பா, ‘செத்த இருங்க, பனி காயட்டும்’பாங்க. பத்து மணிக்கு மேல ஆயிடும் மிஸ். விடியக்காலைல எங்கப்பா வீட்ல தூங்கிட்டிருப்பாங்க. வேணும்னா அம்மாவக் கேளுங்க.”

துப்பறியும் கதைகளில் இருநூறு பக்கம் அலைந்து கண்டுபிடிப்பார்களே... குற்றம் நடந்த நேரத்தில், பழி சுமத்தப்பட்டவர் அங்கே இல்லை என்று! இந்தப் பெண் அரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். சாட்சியோடு.

ஹரிஷ் தலையைச் சொறிந்தான். “ஆமால்ல... எங்க வயலுக்கும் பதினோரு மணிக்குத்தான் வந்துச்சு. எங்கப்பா டீக்கடையிலயே உக்காந்திருந்தாங்க.”

“எங்க வயலுக்கு மத்தியானம் மிஸ்.”

“எங்க தாத்தா கனிஷ்கா அப்பாகிட்ட சண்டையே போட்டாங்க, சீக்கிரம் எறக்குன்னு. அப்பயும் எறக்கல!”

கவனித்தீர்களா? எல்லோருக்கும் தெரியும். நெல் வயலுக்கு நடுவே பிறந்த பிள்ளைகள், வருஷா வருஷம் பார்க்கிறவர்கள். ஆனால் அச்சில் ஒரு வரி வந்ததும், கண்ணால் கண்டதை ஓரமாக வைத்துவிட்டு அந்த வரியை நம்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் மட்டும் என்ன, பெரியவர்கள் நாமும் அப்படித்தானே?

அவர்களாவது பரவாயில்லை. நான்? ‘நான் டெல்டாக்காரி’ என்று போகிற இடமெல்லாம் மார்தட்டுகிறவள். எங்களுக்கும் நிலம் உண்டு — குத்தகைக்கு விட்டிருக்கிறோம். வருஷத்துக்கு இத்தனை மூட்டை என்று அரிசி வீடு தேடி வந்துவிடும். பனி காய்ந்தால்தான் மெஷின் இறங்கும் என்பது அந்த அரிசியைச் சாப்பிடுகிற எனக்குத் தெரியாது. ஒன்பதரை மணிக்கு ரோட்டோரம் சும்மா நின்ற மெஷினும், நான் மனதுக்குள் திட்டிய டிரைவரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். வெட்கமாக இருந்தது.

ஹரிஷ் விடுவதாக இல்லை. “அப்ப யாரு மிஸ் கூட்ட நசுக்கினது?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மழுப்பியிருக்கலாம். எனக்கு அது நன்றாகவே வரும். ஆனால் அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“நான்தான்” என்றேன்.

“நீங்களா!”

“ஆமா. டிரைவரு ஒண்ணும் பண்ணல. அந்த மாதிரி ஒரு டிரைவரே கிடையாது. கூட்ட அங்க கொண்டுபோய் வச்சதும் நான்தான், மெஷின மேல ஏத்தினதும் நான்தான்.”

“எதுக்கு மிஸ்?” என்றாள் பிரதீஷா. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

எத்தனையோ மேடைகளில் ‘ஏன் எழுதுகிறேன்’ என்று பேசியிருக்கிறேன். அதெல்லாம் அங்கே உதவவில்லை.

“நீங்கல்லாம் அழணும்னுதான்.”

“நான் அழுதேன் மிஸ்” என்றாள் கனிஷ்கா.

கோபமே இல்லை அந்தக் குரலில். அட்டெண்டன்ஸுக்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் சொந்தக் கதையைப் படித்து நான் அழுததே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

“மன்னிச்சுக்கம்மா. தப்பு என்னோடதுதான்.”

“சரி மிஸ்.” உட்காரப் போனவள் நிமிர்ந்தாள். “ஆனா புக்ல போட்டிருக்கே. அத என்ன பண்றது?”

நியாயமான கேள்வி. வகுப்பு கூடிப் பேசியது. தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒன்பதாம் பக்கத்தில் நானே என் கையால் உண்மையை எழுதித் தர வேண்டும். டீச்சர் தன் பேனாவை எடுத்து நீட்டினார். வரிசையில் நின்றார்கள். ஆட்டோகிராஃப் கேட்டு வரிசை நிற்கும் என்று நினைத்துத்தான் வந்தேன்... வரிசையும் நின்றது, கையெழுத்தும் போட்டேன். ‘இந்தக் கூட்டை நசுக்கியது கதை எழுதிய நான்தான். டிரைவர் இல்லை.’ ஒருத்தி தேதியும் போடச் சொன்னாள். ஹரிஷ் படத்திலிருந்த டிரைவரின் மீசையை அழிக்க அனுமதி கேட்டான். கொடுத்தேன்.

கனிஷ்காவின் புத்தகம் கடைசியாக வந்தது. கடையில் வாங்கியது போலப் புத்தம் புதிதாக இருந்தது.

“வீட்ல யாருக்கும்மா படிச்சுக் காட்டுன?”

“யாருக்கும் இல்ல மிஸ். ஸ்கூல் பைக்குள்ள அடியில வச்சிருந்தேன், அப்பா பாத்துடக் கூடாதுன்னு. நான் படிச்சா கேக்கறது எங்கப்பாவுக்கு ரொம்பப் புடிக்கும்.”

எழுதுகிறவர்களுக்கு ஒரு வில்லன் தேவைப்படும்போது என்ன செய்கிறோம் தெரியுமா? திருப்பிக் கேட்க மாட்டார் என்று நினைக்கும் ஓர் ஆளைப் பிடித்துக்கொள்கிறோம். டிரைவர், வாட்ச்மேன், சந்தையில் மீன் விற்கும் பெண். இவர்களெல்லாம் எங்கே நம் கதையைப் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம். அவர்கள் வீட்டிலும் நாலாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை இருக்கும் என்பது தோன்றுவதே இல்லை.

மதியம் சத்துணவு வரிசையில் எட்டிப் பார்த்தேன். கனிஷ்கா தட்டை நீட்டி முட்டையை வாங்கிக்கொண்டாள். ஹரிஷ் தன் தட்டோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மன்னிப்பெல்லாம் கேட்ட மாதிரி தெரியவில்லை. மெஷினில் எத்தனை கியர், மேலே ஏறி உட்கார விடுவார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். அவளும் பெரிய மனுஷி மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இத்தோடு பத்தியை முடித்திருக்கலாம். முடித்தும்விட்டேன்... திரும்பி வரும்போது ரயிலிலேயே மனதுக்குள் எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்தாகிவிட்டது. அப்பாவி டிரைவர், குற்றவாளி எழுத்தாளர், எல்லாம் சுபம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெசிந்தா டீச்சர் மறுபடி போன் செய்தார்.

“மேடம், கனிஷ்கா அவங்கப்பாவுக்குக் கதையப் படிச்சுக் காட்டிட்டா. இன்னைக்கு வகுப்புல சொன்னா.”

“என்ன சொன்னாராம்?” எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

“ஒம்பதாம் பக்கம் வந்ததும் நிறுத்தச் சொன்னாராம். நீங்க பேனாவால எழுதிக் குடுத்ததையும் இவ படிச்சிருக்கா. ‘நெஜமாவே ஒருதடவ நசுங்கியிருக்கு பாப்பா’ன்னாராம். செங்கிப்பட்டி பக்கம், பொழுது சாயற நேரமாம். காடைக் கூடு. மெஷினவிட்டு எறங்கிப் பாத்தப்பதான் தெரிஞ்சுதாம். அன்னைக்குச் சோறே எறங்கலையாம். அதுலேர்ந்து பனி காயற வரைக்கும் சும்மா உக்காராம, வயல ஒரு சுத்து நடந்து பாத்துட்டுத்தான் எறக்குவாராம்.”

ஒரு பெண் வகுப்பின் நடுவே நின்று தன் அப்பாவைக் காப்பாற்றியிருக்கிறாள். முட்டையும் வாங்கிவிட்டாள். இப்போது போய் இதைச் சொன்னால்? மறுபடியும் அந்த இடைவெளி விழுந்துவிடாதா?

“இத அவ கிளாஸ்ல சொன்னாளா டீச்சர்? எல்லார் முன்னாலயுமா?”

“எந்திரிச்சு நின்னு சொன்னா மேடம். ஒரு வார்த்தை விடாம.”

“பசங்க?”

“எல்லாம் அவளையே பாத்துச்சுங்க. எனக்கே பக்குனு ஆயிடுச்சு. அப்புறம் ஹரிஷ்தான் கேட்டான், ‘உங்கப்பா அவங்களாவேவா சொன்னாங்க?’ன்னு. ‘அவங்களாத்தான்’னா இவ. ‘அப்ப அவங்க நல்லவங்கதான்’னுட்டு உக்காந்துட்டான். அடுத்த வாசிப்பு வகுப்புக்கு அவரையும் கூப்பிடணுமாம். மெஷினோட வரணுமாம்!”

டீச்சர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். நான் ரயிலில் வைத்த முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு, பத்தியை மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

அந்த டிரைவர் தானாகவே சொல்லிவிட்டார். என்னைச் சொல்ல வைக்க ஒரு வகுப்பே கூடி விசாரிக்க வேண்டியிருந்தது.